ஐங்கோண அட்டையும் குலக் கோட்பாடும்

பன்னிரண்டு இலக்கங்கள் கொண்ட எண் ஒன்றைப் படிவத்திலிருந்து பதிவேட்டிற்கு எடுத்தெழுதும்பொழுது பிழை நேர்வது இயல்பு. அப்பிழைகளுள் இரு வகை மிகுதியாகக் காணப்படுகின்றன. ஓர் இலக்கத்திற்குப் பதிலாக வேறோர் இலக்கத்தை எழுதிவிடுவது ஒன்று. அடுத்தடுத்து நிற்கும் இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதிவிடுவது மற்றொன்று. 47 என்பது 41 ஆகிவிடுவது முதல் வகை. 47 என்பது 74 ஆகிவிடுவது இரண்டாம் வகை. ஊர்தோறும் சென்று விவரம் திரட்டும் பணியாளரும், பள்ளிப் பதிவேடுகளைப் பேணும் ஆசிரியரும் இவ்விரு பிழைகளையும் நன்கு அறிவர்.

இந்தியத் தனித்துவ அடையாள ஆணையம் 2010 செப்டம்பர் முதல் வழங்கிவரும் ஆதார் எண்ணில், இறுதியில் நிற்கும் பன்னிரண்டாம் இலக்கம் இப்பிழைகளைக் கண்டுபிடிப்பதற்கென்றே அமைந்தது. முன்னுள்ள 11 இலக்கங்களிலிருந்து கணக்கிட்டுப் பெறப்படும் அவ்விலக்கம் சரிபார்ப்பு இலக்கம் எனப்படும். ஓர் இலக்கம் மட்டும் மாறினாலும், வேறுபட்ட இரண்டு அண்டை இலக்கங்கள் இடம் மாறினாலும், கணக்கு ஒவ்வாது. பிழை உடனே வெளிப்படும். இம்முறையை 1969-இல் வகுத்து வெளியிட்டவர் நெதர்லாந்து நாட்டுக் கணித அறிஞர் யாக்கோபுஸ் வெர்ஹூஃப் ஆவார். அவர் கையாண்டது நாம் பள்ளியில் பயின்ற கூட்டலும் அன்று, பெருக்கலும் அன்று. ஓர் ஒழுங்கு ஐங்கோணத்தைத் திருப்பியும் புரட்டியும் பெறப்படும் பத்துச் செயல்களின் கணக்கே அது.

இக்கணக்கு பல்கலைக்கழகங்களில் நவீன இயற்கணிதம் என்றும், அருவ இயற்கணிதம் என்றும் வழங்கும் பாடத்தின் முதற்பகுதியாகிய குலக் கோட்பாட்டைச் சேர்ந்தது. இளங்கலைக் கணித மாணவர் யாவரும் இதனைப் பயில்கின்றனர். ஆயினும், அவருள் பலர் இலக்கணங்களையும் தேற்றங்களையும் மனப்பாடம் செய்து, தேர்வில் எழுதி, பின்னர் மறந்துவிடுகின்றனர். அவர்களிற் சிலர் ஆசிரியராகின்றனர். தாம் கற்ற முறையிலேயே கற்பிக்கின்றனர். ஒரு தலைமுறையின் குறை அடுத்த தலைமுறைக்கு அங்ஙனமே சென்று சேர்கின்றது. இந்நிலைக்குக் காரணம் யாது, அதனை எங்ஙனம் நீக்கலாம் என்பது ஆராயத்தக்கது.

இலக்கணம் தோன்றிய வரலாறு

இலக்கியம் தோன்றிய பின்னரே இலக்கணம் தோன்றும் என்பது தமிழ் கற்றோர் அறிந்த மரபு. கணிதத்திற்கும் இது பொருந்தும். குலம் என்பதன் இலக்கணத்தை இன்றைய மாணவர் முதல் வகுப்பிலேயே நான்கு வரிகளில் எழுதிக்கொள்கின்றார். ஆனால் அந்நான்கு வரிகள் உருப்பெறக் கணித உலகிற்கு எண்பது ஆண்டுகளுக்கு மேல் தேவைப்பட்டன.

இரண்டு, மூன்று, நான்கு படிச் சமன்பாடுகளுக்குத் தீர்வு காணும் வாய்பாடுகள் பதினாறாம் நூற்றாண்டிலேயே அறியப்பட்டிருந்தன. ஐந்தாம் படிச் சமன்பாட்டிற்கு அத்தகைய வாய்பாடு கிட்டவில்லை. அதற்குக் காரணம் தேடிய லக்ராஞ்சி, சமன்பாட்டின் மூலங்களை ஒன்றற்கொன்று இடம் மாற்றினால் என்ன நிகழும் என்பதை 1770, 1771-ஆம் ஆண்டுகளில் ஆராய்ந்தார். பொதுவான ஐந்தாம் படிச் சமன்பாட்டிற்கு அத்தகைய வாய்பாடு இருக்கவே இயலாது என்பதை நார்வே நாட்டு ஏபெல் 1824-இல் நிறுவினார். எந்தச் சமன்பாட்டிற்கு வாய்பாடு உண்டு, எதற்கு இல்லை என்பதை அதன் மூலங்களின் இடமாற்றங்களே உறுதி செய்கின்றன என்பதைக் கண்டவர் பிரெஞ்சு இளைஞர் கால்வா. 1832-இல், தம் இருபதாம் வயதில், அவர் உயிர் நீத்தார். அவருடைய கட்டுரைகள் 1846-இல்தான் அச்சேறின. உறுப்புகள் எவையாயினும் ஆகுக, அவை சேரும் முறையே கருதத்தக்கது என்ற நோக்கில் குலத்திற்கு இலக்கணம் கூற முயன்றவர் ஆங்கில நாட்டுக் கெய்லி, ஆண்டு 1854. பின்னர் எம்மி நோதர் 1921-இல் வளையங்களைப் பற்றி எழுதிய ஆராய்ச்சியும், வான் டெர் வார்டன் 1930, 1931-ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட நூலும் இன்றைய பாடத்திட்டத்தின் வடிவத்தை அமைத்தன.

ஆகவே, பாடநூலின் முதற்பக்கத்தில் நிற்கும் இலக்கணம் வரலாற்றில் இறுதியில் வந்தது. நீண்ட பட்டறிவின் சாரம் அது. அப்பட்டறிவு சிறிதும் இல்லாத மாணவருக்கு அது வெறும் சொற்கூட்டமாகத் தோன்றுவதில் வியப்பில்லை. எண்பது ஆண்டுப் பட்டறிவை எட்டு வாரங்களில் சுருக்கித் தருவதே ஆசிரியரின் பணி. அதற்கு வழி, கையால் செய்து பார்க்கத்தக்க சில எடுத்துக்காட்டுகளே.

குலம் என்பது யாது?

ஒரு கணமும், அதன் எவ்விரண்டு உறுப்புகளையும் சேர்த்து ஒரு விடை தரும் செயலி ஒன்றும் பின்வரும் நான்கு விதிகளுக்கு உட்படுமாயின், அவ்வமைப்பு குலம் எனப்படும்.

முதலாவது, அடைவு விதி: சேர்த்துப் பெறும் விடையும் அக்கணத்திலேயே இருத்தல் வேண்டும். இரண்டாவது, சேர்ப்பு விதி: மூன்று உறுப்புகளைச் சேர்க்கும்பொழுது முதலிரண்டை முன்னர்ச் சேர்ப்பினும், பின்னிரண்டை முன்னர்ச் சேர்ப்பினும் விடை ஒன்றே. மூன்றாவது, சமனி விதி: எதனுடன் சேர்ந்தாலும் அதனை மாற்றாது விடும் உறுப்பு ஒன்று இருத்தல் வேண்டும்; அதுவே சமனி. நான்காவது, எதிர்மறை விதி: ஒவ்வோர் உறுப்புக்கும், அதனுடன் சேர்ந்து சமனியைத் தரும் எதிர்மறை உறுப்பு ஒன்று இருத்தல் வேண்டும்.

முழு எண்கள் கூட்டலின்கீழ் ஒரு குலம்; சமனி 0; 5-இன் எதிர்மறை −5. இவ்வெடுத்துக்காட்டைப் பெரும்பாலான வகுப்புகளில் கூறுகின்றனர். ஆனால் குலம் ஆகாதவற்றையும் உடன் காட்டினால்தான் விதிகளின் பயன் விளங்கும். கழித்தலைச் செயலியாகக் கொண்டால் சேர்ப்பு விதி முறிகின்றது. 7-இலிருந்து 4-ஐக் கழித்து, மீதியிலிருந்து 2-ஐக் கழித்தால் விடை 1. 4-இலிருந்து 2-ஐக் கழித்து, அம்மீதியை 7-இலிருந்து கழித்தால் விடை 5. முழு எண்களைப் பெருக்கலின்கீழ் எடுத்துக்கொண்டால் எதிர்மறை விதி முறிகின்றது. 2-ஐப் பெருக்கி 1 தரவல்லது அரையே, அது முழு எண் அன்று. எந்த விதி எங்கே முறிகின்றது என்று தானே கண்டு கூறும் மாணவர் இலக்கணத்தை மறப்பதில்லை.

இலக்கணம் என்பது ஒரு பொருளை வருணிப்பது மட்டும் அன்று. நிறுவலுக்கு உதவும் கருவியும் அதுவே. ஒரு குலத்தில் சமனி ஒன்றுதான் இருக்க இயலும் என்பதன் நிறுவல் இதற்குச் சான்று. அ, ஆ ஆகிய இரண்டும் சமனி எனக் கொள்க. அவ்விரண்டையும் அந்த வரிசையிலேயே சேர்த்தால், அ சமனியாதலின் விடை ஆ. ஆ சமனியாதலின் விடை அ. விடை ஒன்றே ஆதலின் அ-வும் ஆ-வும் ஒன்றே. இந்நிறுவலில் எண் எதுவும் இல்லை; சமனி என்ற சொல்லின் பொருள் இரு முறை பயன்பட்டது, அவ்வளவே. பள்ளிக் கணக்கிலிருந்து வரும் மாணவருக்கு இது புதுமையாகத் தோன்றும். "இதில் கணக்கு எங்கே?" என்று அவர் வினவுவது நேர்மையான வினா. அதற்கு விடையிறுக்காது அடுத்த தேற்றத்திற்குச் செல்லுதல் தகாது.

வாய்பாட்டில் மறைந்துள்ள இரண்டு குலங்கள்

கீழ்வகுப்பு வாய்பாட்டிலேயே குலங்கள் மறைந்துள்ளன. இரண்டு எண்களைப் பெருக்கி, விடையின் கடைசி இலக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்க. இங்ஙனம் பெருக்கினால் 2, 5 ஆகியவை 0 தருகின்றன. அவற்றுக்கு எதிர்மறை இல்லை. 1, 3, 7, 9 ஆகிய நான்கை மட்டும் எடுத்துக்கொண்டால் அவை ஒரு குலம் ஆகின்றன. 3-உம் 7-உம் சேர்ந்து 21, அதாவது 1; ஆகவே அவை ஒன்றற்கொன்று எதிர்மறை. 9-உம் 9-உம் சேர்ந்து 81, அதாவது 1. ஆகவே 9 தனக்குத்தானே எதிர்மறை. மேலும் 3-ஐத் திரும்பத் திரும்பப் பெருக்கினால் 3, 9, 7, 1 என நான்கு உறுப்புகளும் முறையே தோன்றுகின்றன. இவ்வாறு ஓர் உறுப்பே முழுவதையும் பிறப்பிக்கும் குலத்தைச் சக்கரக் குலம் என்பர்.

அடுத்து, 8-ஆல் வகுத்த மீதியை மட்டும் கொண்டு 1, 3, 5, 7 ஆகியவற்றைப் பெருக்குக. 3-இன் வர்க்கம் 9, மீதி 1. 5-இன் வர்க்கம் 25, மீதி 1. 7-இன் வர்க்கம் 49, மீதி 1. இதுவும் நான்கு உறுப்புகள் கொண்ட குலமே. ஆயினும் எந்த உறுப்பாலும் இது முழுவதையும் பிறப்பிக்க இயலாது. ஒவ்வொன்றும் இரண்டாம் அடியிலேயே 1-ஐ வந்தடைகின்றது.

இரண்டிலும் உறுப்புகள் நான்கே; ஆனால் அமைப்பு வேறு. மறுபுறம், நான்கு மணிகளே குறித்த கடிகாரம் ஒன்றில் 0, 1, 2, 3 ஆகியவற்றைக் கூட்டும் கணக்கும், மேற்கூறிய 1, 3, 9, 7 கணக்கும் தோற்றத்தில் வேறு, அமைப்பில் ஒன்றே. 0-க்கு 1, 1-க்கு 3, 2-க்கு 9, 3-க்கு 7 என்று பெயர் மாற்றினால் ஒரு வாய்பாடு மற்றதாகிவிடும். அருவம் என்ற சொல்லின் பொருள் இதுவே. பொருள்களை விட்டு விலகிச் செல்வது அன்று. வேறு வேறு பொருள்களில் ஒன்றுபட்டு நிற்பதைத் தனியே பிரித்துக் காண்பது.

ஐங்கோண அட்டை

மேற்கண்டவை யாவும் பரிமாற்று விதிக்கு உட்பட்டவை; அதாவது, சேர்க்கும் வரிசையை மாற்றினாலும் விடை மாறாது. குலத்தின் நான்கு விதிகளில் பரிமாற்று விதி இடம் பெறவில்லை. எண்களை மட்டுமே கண்டு பழகிய மாணவர் இதனைக் கவனிப்பதில்லை. ஆனால் செயல்களின் உலகில் வரிசை இன்றியமையாதது. பெட்டியில் பணத்தை வைத்துப் பின்னர்ப் பூட்டுவதும், பூட்டிய பின்னர் வைக்க முயல்வதும் ஒன்றல்ல. வைத்துப் பூட்டியதைத் திரும்பப் பெற, முதலில் பூட்டைத் திறந்து, பின்னரே பணத்தை எடுத்தல் வேண்டும். இரண்டு செயல்களின் எதிர்மறை, எதிர்மறைகளைத் தலைகீழ் வரிசையில் செய்வதே என்ற தேற்றம் இதுவே.

தடித்த அட்டையில் ஐந்து பக்கங்களும் சமமான ஐங்கோணம் ஒன்றை வெட்டி, மூலைகளுக்கு அடையாளம் இடுக. அதனை எடுத்து, அதே இடத்தில் பொருந்துமாறு வைப்பதற்கு வழிகள் பத்து. திருப்பாதிருத்தல் ஒன்று, 72, 144, 216, 288 பாகைகள் திருப்புதல் நான்கு, ஒரு மூலையையும் எதிர்ப்பக்கத்தின் நடுப்புள்ளியையும் இணைக்கும் கோட்டை அச்சாகக் கொண்டு புரட்டுதல் ஐந்து. திருப்பல்களுக்கு 0, 1, 2, 3, 4 என்றும், புரட்டல்களுக்கு 5, 6, 7, 8, 9 என்றும் பெயரிட்டால் பத்து இலக்கங்களும் ஒரு குலமாகின்றன.

இக்குலத்தின் வாய்பாட்டை நான்கு விதிகளால் எழுதிவிடலாம். முதல் இலக்கமும் இரண்டாம் இலக்கமும் 5-க்குக் குறைந்தவையாயின், கூட்டி 5-ஆல் வகுத்த மீதியே விடை. முதலது 5-க்குக் குறைந்து, இரண்டாவது 5 அல்லது அதற்கு மேற்பட்டதாயின், இரண்டையும் கூட்டி 5-ஆல் வகுத்த மீதியுடன் 5 சேர்க்க. முதலது 5 அல்லது அதற்கு மேற்பட்டு, இரண்டாவது 5-க்குக் குறைந்ததாயின், முதலதிலிருந்து இரண்டாவதைக் கழித்து 5-ஆல் வகுத்த மீதியுடன் 5 சேர்க்க. இரண்டும் 5 அல்லது அதற்கு மேற்பட்டவையாயின், முதலதிலிருந்து இரண்டாவதைக் கழித்து 5-ஆல் வகுத்த மீதியே விடை. கழித்த விடை குறையெண்ணாயின் 5-ஐக் கூட்டிக்கொள்க.

இவ்விதிகளின்படி 1, 5 என்ற வரிசையில் சேர்த்தால் விடை 6. 5, 1 என்ற வரிசையில் சேர்த்தால் விடை 9. வரிசை மாறியது, விடையும் மாறியது. நூறு கட்டங்கள் கொண்ட இவ்வாய்பாட்டை ஒரு மாணவர் ஒரு மணி நேரத்தில் எழுதி முடிக்கலாம். அவ்வொரு மணி நேரம் வீணன்று. பின்வரும் தேற்றங்கள் பலவும் அத்தாளிலேயே கண்ணுக்குப் புலனாகும்.

பிழையைக் காட்டும் விதிகள்

குலத்தில் நீக்கல் விதி என ஒன்று உண்டு. ஒரே உறுப்புடன் ஒரே பக்கத்தில் சேர்ந்த இரண்டு உறுப்புகள் ஒரே விடை தந்தால், அவ்விரண்டு உறுப்புகளும் ஒன்றே. எதிர்மறை உறுப்பைச் சேர்த்தால் இது உடனே பெறப்படும். தேர்வுத்தாளில் இரண்டு மதிப்பெண் பெறும் இச்சிறு விதிக்கு நடைமுறையில் உயர்ந்த பயன் உண்டு. ஓர் எண்ணின் இலக்கங்களையெல்லாம் குலத்தில் வரிசையாகச் சேர்த்தால் 0 வரவேண்டும் என்று வைத்துக்கொள்க. ஓரிடத்தில் மட்டும் இலக்கம் மாறினால், நீக்கல் விதியின்படி விடையும் மாறியே தீரும். ஆகவே முதல் வகைப் பிழை தப்புவதில்லை.

இரண்டாம் வகைப் பிழையே கடினமானது. கூட்டி 10-ஆல் வகுக்கும் எளிய முறையில் 47-உம் 74-உம் ஒரே விடை தருகின்றன. ஒவ்வோர் இடத்திற்கும் ஒரு மாற்றுப் பட்டியல் வைத்து, இலக்கங்களை மாற்றிய பின் கூட்டினால் பயன் கிட்டுமா? வங்கி அட்டைகளில் வழங்கும் முறை இத்தகையதே; எனினும் 09 என்பது 90 ஆவதை அது காட்டுவதில்லை. அக்குறையை நீக்கும் வேறு பட்டியல் உண்டா என்றால், இல்லை. அதனைச் சிறு கணக்கால் நிறுவலாம்.

அடுத்தடுத்த இரண்டு இடங்களின் பட்டியல்களை எடுத்துக்கொள்க. ஒவ்வோர் இலக்கத்திற்கும், முதற்பட்டியல் தரும் மதிப்பிலிருந்து இரண்டாம் பட்டியல் தரும் மதிப்பைக் கழித்து, 10-ஆல் வகுத்த மீதியைக் குறித்துக்கொள்க. இரண்டு இலக்கங்களுக்கு இம்மீதி ஒன்றாக இருந்தால், அவை இடம் மாறுவது கூட்டுத்தொகையை மாற்றாது, பிழை தப்பிவிடும். எல்லா இடமாற்றங்களும் அகப்படவேண்டுமாயின், பத்து இலக்கங்களின் மீதிகளும் வெவ்வேறாக, அதாவது 0 முதல் 9 வரை ஒவ்வொன்றும் ஒரு முறை, அமைதல் வேண்டும். அவற்றின் கூட்டுத்தொகை 45; கடைசி இலக்கம் 5. ஆனால் முதற்பட்டியலின் மதிப்புகளைக் கூட்டினாலும் 45, இரண்டாம் பட்டியலின் மதிப்புகளைக் கூட்டினாலும் 45, வேறுபாடு 0. ஐந்தும் சுழியும் ஒன்றாகா. எனவே அத்தகைய பட்டியல் எங்கும் இல்லை.

முன்னர் நூல்களுக்கு வழங்கிவந்த பத்து இடப் பன்னாட்டு நூல் எண்ணில் 11-ஆல் வகுக்கும் முறை கையாளப்பட்டது. 11 பகா எண் ஆதலின் அம்முறை இரு வகைப் பிழைகளையும் காட்டியது. ஆனால் மீதி பத்தாக வரும்பொழுது எழுதுவதற்குப் பதினோராம் குறி ஒன்று தேவைப்பட்டது. அதற்கு ரோமானிய எழுத்தைப் பயன்படுத்தினர். பத்து இலக்கங்களுக்குள்ளேயே நின்று இரு பிழைகளையும் பிடித்தல் இயலுமா என்பதே எஞ்சிய வினா.

வெர்ஹூஃப் கண்ட விடை ஐங்கோணக் குலம். மேற்கண்ட நிறுவலில், எண்களைக் கூட்டும் வரிசையை விரும்பியவாறு மாற்றிக்கொள்ளும் உரிமை பயன்பட்டது. ஐங்கோணக் குலத்தில் அவ்வுரிமை இல்லை. ஆகவே அத்தடையும் இல்லை. திருப்பல்கள் தமக்குள் பரிமாற்று விதிக்கு உட்படுவதால், குலம் மட்டும் போதாது. எனவே, இலக்கங்களை இடத்திற்கேற்பக் கலைத்து அமைக்கும் பட்டியல் ஒன்றையும் அவர் சேர்த்தார். அது எட்டு இடங்களுக்கு ஒரு முறை திரும்ப வரும். இவ்விரண்டும் சேர்ந்து, ஓரிலக்கப் பிழைகள் அனைத்தையும், அண்டை இலக்க இடமாற்றங்கள் அனைத்தையும் காட்டுகின்றன. பரிமாற்று விதி இல்லாமை ஒரு குறை என எண்ணிய மாணவருக்கு, அவ்வின்மையே பல கோடி எண்களைக் காக்கின்றது என்பது நல்ல பாடம்.

மாணவர் தயங்கும் இடம்

குலக் கோட்பாட்டில் மாணவர் பெரும்பாலும் வழி தவறும் இடம் இணைக்கணம், நேர்மை உட்குலம், ஈவுக் குலம் ஆகியவற்றைப் பற்றிய பகுதி. இதற்கும் ஐங்கோண வாய்பாடே போதும்.

ஒரு குலத்தினுள் தானும் குலமாக நிற்கும் பகுதி உட்குலம். உட்குலத்தின் ஒவ்வோர் உறுப்பையும் குலத்தின் ஓர் உறுப்புடன் சேர்த்தால் கிடைப்பது இணைக்கணம். 0, 5 ஆகிய இரண்டும் ஓர் உட்குலம். 1-ஐ இடப்பக்கம் வைத்து இவற்றுடன் சேர்த்தால் 1, 6, 2-ஐ வைத்தால் 2, 7, பின்னர் 3, 8, 4, 9. பத்து இலக்கங்களும் ஒன்றையொன்று தொடாத ஐந்து சோடிகளாகப் பிரிந்துவிட்டன. எந்த உட்குலத்திற்கும் இவ்வாறே, ஒரே அளவுள்ள பகுதிகளாகக் குலம் பிரியும். ஆகவே உட்குலத்தின் அளவு குலத்தின் அளவை மீதியின்றி வகுத்தல் வேண்டும். லக்ராஞ்சி தேற்றம் எனப்படுவது இதுவே. பத்து உறுப்புகள் கொண்ட குலத்தில் மூன்று அல்லது நான்கு உறுப்புகள் கொண்ட உட்குலத்தைத் தேட வேண்டியதில்லை.

இப்பொழுது ஒவ்வொரு சோடியையும் ஓர் உறுப்பாகக் கருதி, சோடிகளையே சேர்க்க முயல்க. 1, 6 என்ற சோடியை அதே சோடியுடன் சேர்த்தல் வேண்டும். 1-ஐயும் 1-ஐயும் எடுத்தால் விடை 2; அது 2, 7 என்ற சோடியில் உள்ளது. அதே சோடியிலிருந்து 6-ஐயும் 1-ஐயும் எடுத்தால் விடை 5; அது 0, 5 என்ற சோடியில் உள்ளது. எதனை எடுப்பது என்பதைப் பொறுத்து விடை மாறுகின்றது. ஆகவே இம்முயற்சி நிலைபெறாது. காரணத்தையும் வாய்பாட்டிலேயே காணலாம். 1-ஐ இடப்பக்கம் வைத்தால் 1, 6 கிடைக்கின்றது. வலப்பக்கம் வைத்தால் 1, 9 கிடைக்கின்றது. இடமும் வலமும் ஒவ்வவில்லை.

மாறாக, திருப்பல்கள் ஐந்தும் ஓர் உட்குலம். எஞ்சிய புரட்டல்கள் ஐந்தும் அதன் இணைக்கணம். இங்கு இடமும் வலமும் ஒத்துள்ளன. திருப்பலும் திருப்பலும் சேர்ந்து திருப்பல். திருப்பலும் புரட்டலும் சேர்ந்து புரட்டல். புரட்டலும் புரட்டலும் சேர்ந்து திருப்பல். எவற்றை எடுப்பினும் இது மாறாது. இரட்டை எண், ஒற்றை எண் கூட்டலும் இத்தகையதே. இடமும் வலமும் ஒத்து நிற்கும் உட்குலமே நேர்மை உட்குலம். அதன் இணைக்கணங்கள் சேர்ந்து அமைப்பதே ஈவுக் குலம். நிலைபெறாத முயற்சி ஒன்றைத் தன் கையால் செய்து பார்த்த மாணவருக்கு, நேர்மை என்ற நிபந்தனை ஏன் வந்தது என்பதை எவரும் கூற வேண்டியதில்லை.

பிரம்மகுப்தர் காட்டிய வழி

எண்களைச் சேர்ப்பதைப் போலவே தீர்வுகளையும் சேர்க்கலாம் என்ற கருத்து இந்தியக் கணிதத்தில் பழமையானது. 628-இல் எழுதிய நூலில் பிரம்மகுப்தர் பாவனை என்ற முறையைக் கூறியுள்ளார். ஓர் எண்ணின் வர்க்கத்திலிருந்து மற்றோர் எண்ணின் வர்க்கத்தைப்போல் இரு மடங்கைக் கழித்தால் 1 வரவேண்டும் என்க. 3, 2 ஒரு தீர்வு. ஏனெனில் 9-இலிருந்து 8 போக மீதி 1. இரண்டு தீர்வுகளின் முதலெண்களைப் பெருக்கி, இரண்டாம் எண்களின் பெருக்கத்தைப்போல் இரு மடங்கைக் கூட்டினால் புதிய முதலெண். குறுக்கே பெருக்கிக் கூட்டினால் புதிய இரண்டாம் எண். 3, 2-ஐத் தன்னுடனே இவ்வாறு சேர்த்தால் 17, 12 கிடைக்கின்றது. 289-இலிருந்து 288 போக மீதி 1. மீண்டும் 3, 2-ஐச் சேர்த்தால் 99, 70. 9801-இலிருந்து 9800 போக மீதி 1.

இன்றைய மொழியில் கூறினால், 1, 0 என்பது சமனி. 3, −2 என்பது 3, 2-இன் எதிர்மறை. பிரம்மகுப்தர் குலம் என்ற கருத்தைக் கூறவில்லை; அவர் தந்தது ஒரு சேர்க்கை முறை. ஆயினும், அடைவு விதி என்பது எத்துணைப் பயனுடையது என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு அரிது. ஒரு தீர்விலிருந்து முடிவில்லாத தீர்வுகள் அவ்விதியாலேயே பிறக்கின்றன.

ஆசிரியர் கருத்திற்கு

மேற்கூறியவற்றிலிருந்து சில நடைமுறைக் கருத்துகள் பெறப்படுகின்றன. இலக்கணத்தைக் கரும்பலகையில் எழுதுமுன், கடிகாரக் கூட்டல், கடைசி இலக்கப் பெருக்கல், ஐங்கோண அட்டை ஆகிய மூன்றையும் மாணவர் செய்து பார்த்தல் நலம். இலக்கணம் கூறிய பின்னர், ஒவ்வொரு விதிக்கும் அதனை மட்டும் மீறும் அமைப்பு ஒன்றைத் தேடச் சொல்லலாம். ஒவ்வொரு தேற்றத்தையும் நிறுவுமுன் ஐங்கோண வாய்பாட்டில் சோதித்துப் பார்த்தல் வேண்டும். நிறுவிய பின்னர், எந்த விதி எவ்வரியில் பயன்பட்டது என்று மாணவரே குறித்தல் வேண்டும். நிபந்தனை ஒன்றை நீக்கினால் தேற்றம் எங்கே முறியும் என்ற வினா, நிறுவலை ஒப்பிக்கச் சொல்லும் வினாவைவிடப் பயன் மிக்கது.

இம்முறை நம் நாட்டில் சோதிக்கப்படாதது அன்று. 1993-இல் தொடங்கிய கணிதப் பயிற்சி மற்றும் திறன் தேடல் திட்டத்தின் கோடை வகுப்புகளில், விரிவுரையைக் கேட்டு எழுதுவதற்குப் பதிலாக, வினாக்களின் வழியே மாணவர் தாமே தேற்றத்தை அடையுமாறு பயிற்சி அளிக்கப்பட்டுவந்துள்ளது. ஹெர்ஸ்டைன் 1964-இல் வெளியிட்ட இயற்கணித நூல் இந்தியப் பல்கலைக்கழகங்களில் நெடுங்காலமாகப் போற்றப்படுவதும் அதன் பயிற்சிக் கணக்குகளின் சிறப்பினாலேயே. நூலைப் படித்தால் மட்டும் போதாது. கணக்குகளோடு மாணவர் தாமே போராடுதல் வேண்டும் என்பதே இவ்விரண்டும் உணர்த்துவது.

இதற்குச் சிறப்பான ஆய்வுக்கூடமோ பெருஞ்செலவோ தேவையில்லை. ஓர் அட்டை, ஒரு கத்தரிக்கோல், நூறு கட்டங்கள் வரைந்த ஒரு தாள் ஆகியவை எந்தக் கல்லூரியிலும் கிடைப்பன. அத்தாளை நிரப்பி முடித்த மாணவர், 1-உம் 5-உம் சேரும் இரண்டு கட்டங்களில் 6-உம் 9-உம் நிற்பதைக் காண்பார். ஆதார் எண் ஒன்றைப் பிழையாகப் பதிவு செய்யும்பொழுது கணிப்பொறி ஏன் உடனே மறுக்கின்றது என்பதற்கும், குலத்தின் இலக்கணத்தில் பரிமாற்று விதி ஏன் சேர்க்கப்படவில்லை என்பதற்கும், அவ்விரண்டு கட்டங்களிலிருந்தே அவர் விடை கூறத் தொடங்கலாம்.